குரூப் 4 டெலிகிராம் குழு: ஸ்பேமை விரட்டும் முன் இடத்தை ஒழுங்குபடுத்துங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கான அறிவிக்கை வெளியான அன்று சாயங்காலமே புதிது புதிதாக டெலிகிராம் குழுக்கள் முளைக்கும். ஒரே கோச்சிங் சென்டரில் படித்தவர்கள், நூலகத்தில் பழகியவர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தொடங்குவார்கள். லிங்க் கைமாறிக் கைமாறி, கொஞ்ச நாளிலேயே ஆயிரம் பேராகிவிடும். அதற்குப் பிறகு கூட்டுவட்டிக் கணக்குக்கு நடுவே கிரிப்டோ விளம்பரமும், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' செய்தியும், போலி ஹால் டிக்கெட் ஆப்பும் வர ஆரம்பிக்கும். உண்மையாகப் படிக்க வந்தவர்கள் சத்தமில்லாமல் மியூட் போட்டுவிட்டு வேறு குழு தேடிப் போவார்கள்.

இப்படி ஒரு குழுவுக்குப் புதிதாக அட்மின் ஆனவருக்காக எழுதுகிறேன். பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "நல்ல ஸ்பேம் பாட் எது?" என்றுதான். வேண்டாத விளம்பரங்களை (ஸ்பேம்) தானாகவே நீக்கும் நிரல்தான் இந்த பாட். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே வரவேண்டும் என்று முதலில் பிரித்துவிட்டால், வேண்டாதது தானாகவே கண்ணில் படும். எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிற குழுவில் எவ்வளவு நல்ல பாட்டைப் போட்டாலும் பாதியைத்தான் பிடிக்கும்.

ஏன் இந்தக் குழுக்களை மட்டும் இப்படிக் குறிவைக்கிறார்கள்? 2022 குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கையில் இருந்த இடங்கள் 7,301. அவ்வளவு பேர் ஒரே விஷயத்துக்காக ஏங்கிக்கொண்டு, நாள் முழுக்கக் கையில் போனோடு இருக்கும் இடம் மோசடிக்காரனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

முதலில் இடம் பிரியுங்கள்

டெலிகிராம் 2022 நவம்பரில் 'டாபிக்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. குழுவின் எடிட் பக்கத்தில் இருக்கும். அதை இயக்கினால் ஒரே குழுவுக்குள் தனித்தனி அறைகள் மாதிரி தலைப்புகள் வரும். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டாத தலைப்பை மட்டும் மியூட் செய்துகொள்ளலாம்.

இங்கே எல்லோருக்கும் வரும் ஆசை, பாடத்திட்டத்தை அப்படியே தலைப்புகளாக்குவது. வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல், தமிழகப் பண்பாடு என்று இருபது தலைப்பு போடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். யாரும் பயன்படுத்த மாட்டார்கள். சந்தேகம் கேட்க வருபவருக்கு, தன் கேள்வி எந்தத் தலைப்பில் சேரும் என்று யோசிக்கப் பொறுமை இருக்காது. கண்ணில் படும் முதல் இடத்தில் போட்டுவிட்டுப் போவார்.

தேர்வின் அமைப்பையே அடிப்படையாக வைத்துக்கொண்டால் போதும். குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அதில் 100 கேள்விகள் தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு (கணக்கு). தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழ், பொது அறிவு, கணக்கு என்று படிப்புக்கு மூன்று தலைப்புகள். அவற்றோடு அறிவிப்புகள், தினத் தேர்வு, அரட்டை. ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடப்பு நிகழ்வுகளுக்குத் தனி இடம் வேண்டும் என்று உறுப்பினர்களே கேட்டால் அப்போது ஏழாவதைத் திறக்கலாம்.

இந்த ஆறில் 'அறிவிப்புகள்' தலைப்புதான் குழுவின் முதுகெலும்பு. அதை மூடிவையுங்கள். மூடிய தலைப்பில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும், மற்றவர்கள் படிக்கலாம். தேர்வாணையத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்கள் நேரில் பார்த்ததை மட்டும், பார்த்த பக்கத்தின் லிங்க்கோடு, அங்கே போடுங்கள். செய்தி சேனல் கார்டு வேண்டாம். யூடியூப் தம்ப்நெயில் வேண்டவே வேண்டாம். இரண்டு வாரம் இதை ஒழுங்காகச் செய்தால், "தேர்வு தள்ளிப்போகிறதாமே" என்று யாராவது ஃபார்வர்டு போடும்போது மற்ற உறுப்பினர்களே "அறிவிப்புகள்ல வரலையே" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த வதந்தி அங்கேயே செத்துவிடும். எந்த பாட்டும் இந்த வேலையைச் செய்யாது.

தினத் தேர்வையும் மூடியே வையுங்கள். டெலிகிராமில் வாக்கெடுப்பை (போல்) வினாடி வினா வடிவில் போடும் வசதி இருக்கிறது. அட்மின் கேள்வியைப் போட்டால், மூடிய தலைப்பிலும் உறுப்பினர்கள் பதிலைத் தொட முடியும். சரியான விடைக்கு விளக்கமும் சேர்க்கலாம். தினமும் ஒரே நேரத்தில் பத்துக் கேள்விகள் வந்தால் போதும். கேள்விக்குக் கீழே 'நன்றி அண்ணா', 'சூப்பர் அக்கா' வரிசை கட்டாது. மறுநாள் வருபவர் கேள்விகளை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம்.

'ஜெனரல்' என்று ஒரு தலைப்பு தானாகவே உருவாகும். அதை நீக்க முடியாது, ஆனால் பெயர் மாற்றலாம், மறைக்கலாம். 'திண்ணை' என்று பெயர் வைத்து அரட்டைக்கு விட்டுவிடுங்கள். காலை வணக்கம், கட் ஆஃப் புலம்பல், 'நீங்க எத்தனாவது அட்டெம்ப்ட்' எல்லாம் அங்கே ஓடட்டும். அதை அடியோடு தடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாக அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படிக்கும் ஒருவருக்கு நாலு பேரோடு பேச ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை நீங்கள் தராவிட்டால் கணக்குத் தலைப்பில் பேசுவார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தலைப்பிலும் எப்போதும் மேலே தெரியும்படி 'பின்' செய்த செய்தி ஒன்றே ஒன்று வையுங்கள். இந்த இடம் எதற்கு, எதற்கு இல்லை என்று மூன்று வரி. அறிவிப்புகளில் மட்டும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைச் சேர்த்து நீளமாக ஒன்று வைக்கலாம்: வயது வரம்பு, ஒருமுறைப் பதிவு (விண்ணப்பிக்கும் முன் தேர்வாணையத்தின் தளத்தில் செய்யும் பதிவு), தமிழ்வழிச் சான்று, எந்த வகுப்புப் புத்தகங்கள் படிக்கவேண்டும். யாராவது கேட்டால் திட்டாமல் அந்தச் செய்தியின் லிங்க்கைப் போடுங்கள். 'சர்ச் பண்ணிப் பாருங்க' என்பது பதில் இல்லை.

வாசலில் ஆள் வையுங்கள்

பொதுக் குழுவாக வைத்தால், அதாவது எல்லோரும் தேடிக் கண்டுபிடிக்கும்படி யூசர்நேம் கொடுத்தால், ஆள் சீக்கிரம் சேரும். ஸ்பேம் கணக்குகளும் அதே தேடலில்தான் உங்களைக் கண்டுபிடிக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் எண்ணம் இல்லையென்றால் தனிக் குழுவாகவே வையுங்கள்.

தனிக் குழுவில் இன்வைட் லிங்க்குகளை ஒன்றுக்கு மேல் உருவாக்கலாம். பலருக்கு இது தெரியாது. ஒவ்வொரு லிங்க்குக்கும் பெயர் வைக்கலாம், காலக்கெடு வைக்கலாம், எத்தனை பேர் வரை என்று வரம்பு வைக்கலாம். நூலக நோட்டீஸ் போர்டுக்கு ஒன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒன்று, பழைய மாணவர்களுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். யார் எந்த லிங்க் வழியாக வந்தார்கள் என்பது அட்மினுக்குத் தெரியும். ஒரு நாள் சடசடவென்று சந்தேகக் கணக்குகள் வர ஆரம்பித்தால், எந்த லிங்க் கசிந்தது என்று பார்த்து அதை மட்டும் ரத்து செய்தால் போதும். மற்றவை வேலை செய்துகொண்டிருக்கும்.

லிங்க்கிலேயே 'அட்மின் அப்ரூவல்' கேட்கும்படியும் வைக்கலாம். குழு ஐந்நூறைத் தாண்டும் வரை இதைக் கையால் செய்வது ஒன்றும் பெரிய பாரம் இல்லை. பெயரிலேயே லிங்க் இருப்பது, அறிமுக வரியில் வேறு சேனல் விளம்பரம், கவர்ச்சியான படம், இவையெல்லாம் தெரிந்தால் மறுத்துவிடுங்கள். ஆனால் பெயரை மட்டும் வைத்து ஆளை எடைபோடாதீர்கள். தேர்வுக்குப் படிப்பவர்களில் பாதிப்பேர் 'விஏஓ கனவு', 'மிஷன் 180', 'நாளைய ஜூனியர் அசிஸ்டென்ட்' என்றுதான் இருப்பார்கள். பார்க்க பாட் மாதிரியே இருக்கும். எல்லாம் நம் ஆட்கள்தான்.

கூட்டம் பெருகியபின் வாசல் கேள்வி போடும் பாட்டைச் சேர்க்கலாம். பட்டனைத் தொடச் சொல்வதைவிட, நாமே எழுதும் கேள்வியை அனுமதிக்கும் பாட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 'குரூப் 4-இல் மொத்தம் எத்தனை கேள்விகள்?' என்று தமிழில் கேட்டால் படிக்க வந்தவர் சட்டென்று சொல்லிவிடுவார். எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி நுழையும்படி எழுதப்பட்ட ஸ்பேம் நிரல் அங்கே முழிக்கும்.

'இன்னார் குழுவில் சேர்ந்தார்' என்று வரும் செய்தியைத் தானாக அழிக்கும்படி வைப்பதும் நல்லது. சில கணக்குகள் எதுவுமே எழுதாது. பெயரே விளம்பரமாக இருக்கும். சேர்ந்ததும் அந்த வரி எல்லோருடைய திரையிலும் தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம்.

யார் எதை அனுப்பலாம்

குழுவின் 'பெர்மிஷன்ஸ்' பக்கத்தைத் திறந்தால் உறுப்பினர்களுக்கான உரிமைகள் வரிசையாக இருக்கும். குழுத் தகவலை மாற்றுவது, பின் செய்வது, ஆள் சேர்ப்பது மூன்றையும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். ஆள் சேர்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு உறுப்பினரின் கணக்கு களவு போனால் அதன் வழியாகவே பத்திருபது போலிகளை உள்ளே இழுத்துவிட முடியும்.

படம், வீடியோ, ஸ்டிக்கர், ஃபைல், குரல் பதிவு எல்லாவற்றையும் தனித்தனியாக அனுமதிக்கவோ தடுக்கவோ முடியும். ஸ்டிக்கர், வீடியோ, ஃபைல் மூன்றையும் மூடுங்கள். படத்தை மட்டும் மூடாதீர்கள். கணக்குச் சந்தேகம் பெரும்பாலும் நோட்டில் எழுதியதைப் படமெடுத்துத்தான் வரும். விடையும் அப்படியே வரும். பின்னங்களையும் வர்க்கமூலத்தையும் போனில் தட்டச்சு செய்யச் சொன்னால் கணக்குத் தலைப்பே காலியாகிவிடும். குரல் பதிவு உங்கள் விருப்பம். நான் மூடிவைப்பேன், மூன்று நிமிடக் குரல் பதிவைத் தேட முடியாது.

ஃபைலை ஏன் மூடவேண்டும் என்றால், 'ஹால் டிக்கெட் டவுன்லோடர்', 'ரிசல்ட் செக்கர்' என்று பெயர் வைத்து வரும் ஏபிகே ஃபைல்களுக்காக, அதாவது ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்களுக்காக. ஆன்ட்ராய்டு போனில் அதை நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி ஓடிபி மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். பிடிஎஃப் பகிரவேண்டியவர் அட்மினிடம் கொடுத்து, அட்மின் போடட்டும்.

பாட்டும் தடைச் சொற்களும்

இருநூறு பேருக்கு மேல் இருந்தால் டெலிகிராமே 'அக்ரஸிவ் ஆன்ட்டி-ஸ்பேம்' என்று ஒரு வடிகட்டியைத் தருகிறது. அட்மின்கள் பட்டியல் இருக்கும் பக்கத்தில் உள்ளது. முதலில் அதை இயக்குங்கள். அது நீக்கியவை 'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் தெரியும். தவறாக நீக்கியிருந்தால் அங்கேயே சொல்லலாம். அந்தப் பக்கத்தில் கடைசி 48 மணி நேரத்து நடவடிக்கைகள்தான் இருக்கும் என்பதால் தினம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அதற்கு மேலும் தேவையென்றால் ரோஸ், காம்பாட் போன்ற பாட்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடும்போது அதே பெயரில், அதே படத்தோடு போலிகளும் வரும். யூசர்நேமை எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சேருங்கள். செய்தி நீக்கும் உரிமையும் ஆளைத் தடுக்கும் உரிமையும் கொடுத்தால் போதும். புதிய அட்மினைச் சேர்க்கும் உரிமையை எந்த பாட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

பாட்டில் உடனே இயக்கவேண்டியவை: உறுப்பினர்கள் போடும் வெளி லிங்க்கை நீக்குவது, பிற சேனல்களிலிருந்து வரும் ஃபார்வர்டை நீக்குவது, ஒரே ஆள் சில விநாடிகளில் அடுத்தடுத்து அனுப்பினால் நிறுத்துவது. புதிதாக வந்தவர் முதல் நாள் வெறும் எழுத்து மட்டுமே அனுப்ப முடியும் என்று வைக்க வழியிருந்தால் அதையும் செய்யுங்கள்.

அடுத்து தடைச் சொற்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். கடன் விளம்பரம் தாங்காமல் 'வட்டி' என்ற சொல்லைத் தடை செய்தால் என்ன ஆகும்? தனிவட்டியும் கூட்டுவட்டியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. கேள்வி கேட்டவருடைய செய்தி காணாமல் போகும், விடை சொன்னவருக்கு எச்சரிக்கை போகும். 'வேலை' என்ற சொல்லைத் தடுத்தால் 'ஒரு வேலையை ஏ 12 நாட்களிலும் பி 18 நாட்களிலும் முடித்தால்' கணக்கு அவ்வளவும் போச்சு. 'பணம்' என்றால் பணவீக்கம், பணவியல் கொள்கை. 'லாபம்' சொல்லவே வேண்டாம். தனிச் சொல்லைத் தொடாமல் தொடரைத் தடுங்கள்: 'குறைந்த வட்டியில் உடனடிக் கடன்', 'வீட்டிலிருந்தே சம்பாதிக்க', 'சீட் உறுதி', 'ஆன்சர் கீ ரெடி'. ஒவ்வொன்றையும் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும் சேருங்கள். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்தும் இடைவெளி விட்டும், ஆங்கில எழுத்துபோலவே தெரியும் ரஷ்ய எழுத்துகளைக் கலந்தும் எழுதுவார்கள். அதையெல்லாம் பட்டியலால் பிடித்து முடியாது. கண்ணில் பட்டதை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. உள்ளே வந்து 'வணக்கம்' என்று மட்டும் போட்டுவிட்டு ஒரு கணக்கு அடங்கியிருக்கும். இரவு அதே செய்தியை எடிட் செய்து விளம்பரமாக்கிவிடும். எடிட் செய்த செய்திகளையும் பரிசோதிக்கும் பாட்தானா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

'சீட் ரெடி' ஆசாமிகள்

கிரிப்டோ விளம்பரத்தால் படிப்பவருக்குப் பெரிய சேதம் இல்லை, எரிச்சல்தான். உண்மையான ஆபத்து 'வினாத்தாள் முன்னாலேயே கிடைக்கும்', 'பணம் கட்டினால் இடம் உறுதி' என்று வருபவர்கள். இவர்கள் குழுவில் நேராக எழுதுவது அபூர்வம். யார் புலம்புகிறார்கள் என்று பார்த்துத் தனிச் செய்தியில் போய்ப் பிடிப்பார்கள்.

மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சில மணி நேரத்தில் மறையும் மையைக் கொண்டு விடைத்தாளில் குறித்து, பிறகு திருத்திய முறைகேடு வெளியே வந்தது. 2020 ஜனவரியில் தேர்வாணையம் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அதைச் சொல்லித்தான் 'உள்ளே ஆள் இருக்கு' என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கதையின் மறுபாதியையும், அதாவது பணம் கொடுத்தவர்களும் பிடிபட்டுத் தடை வாங்கினார்கள் என்பதையும், பின் செய்தியில் எழுதி வையுங்கள். வெறும் 'ஏமாறாதீர்கள்' என்பதைவிட அது வேலை செய்கிறது.

ஒருமுறைப் பதிவின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் 'விண்ணப்பம் சரிபார்க்க' என்று கேட்பவர்களும் உண்டு. கொடுத்தால் விண்ணப்பத்தில் கைவைக்க முடியும். யாராவது பணத்தை இழந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். குழுவில் அவமானமாக நினைத்து மறைப்பவர்கள்தான் அதிகம் என்பதால், அட்மினிடம் தனியாகச் சொல்லலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும்.

அட்மின் படத்தையும் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டு உறுப்பினர்களிடம் பேசும் போலிகள் இந்தக் கும்பலின் இன்னொரு கை. யூசர்நேமில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' இருக்கும் இடத்தில் சிறிய 'எல்' போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. இதற்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, 'எங்கள் அட்மின் யாரும் முதலில் உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்ப மாட்டார்கள், பணம் கேட்க மாட்டார்கள்' என்ற வரி எப்போதும் பின்னில் இருக்கட்டும். இரண்டு, அட்மின் உரிமைகளில் 'ரிமெய்ன் அனானிமஸ்' என்பதை இயக்கினால் நீங்கள் எழுதுவது குழுவின் பெயரிலேயே வரும். காப்பியடிக்க முகமே இருக்காது. நூறு பேருக்கு மேல் இருந்தால் உறுப்பினர் பட்டியலையும் மறைக்கலாம், மறைத்துவிடுங்கள்.

பெண் உறுப்பினர்கள்

இதைத் தனியாகவே சொல்லவேண்டும். ஒரு பெண் பெயரில் சந்தேகம் கேட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் 'ஹாய் சிஸ்டர், நோட்ஸ் வேணுமா?' என்று தனிச் செய்திகள் வந்து நிற்கும். பலர் அதற்குப் பயந்தே குழுவில் வாய் திறப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஸ்பேமைவிட இதுதான் குழுவைச் சீக்கிரம் காலி செய்யும். அட்மின்களில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டை அவரிடம் தனியாக அனுப்பலாம் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். புகார் உண்மையென்றால் எச்சரிக்கையெல்லாம் வேண்டாம், நேராக வெளியேற்றம். நன்றாகப் படிப்பவர், தினம் பத்துப் பேருக்கு விடை சொல்பவர் என்றாலும் அதே விதிதான். டெலிகிராம் அமைப்புகளில் போன் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி வைப்பது எப்படி என்பதையும் வரவேற்புச் செய்தியில் சேருங்கள்.

பிடிஎஃப் கலாசாரம்

'அந்த சென்டர் மெட்டீரியல் பிடிஎஃப் இருக்கா?' என்பது எந்தக் குழுவிலும் தினமும் வரும் கேள்வி. ஸ்கேன் செய்த கோச்சிங் புத்தகங்களைப் பகிர்வது பதிப்புரிமை மீறல். டெலிகிராமில் பெயர் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பயிற்சி ஆசிரியர் தன் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்கள்மேல் தொடுத்த வழக்கில், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைத் தரும்படி 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. டெலிகிராமும் விவரங்களைக் கொடுத்தது.

அதோடு, தேவையும் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகங்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் தளத்திலேயே உள்ளன. இந்த இரண்டு லிங்க்குகளையும் பின் செய்துவைத்தால், ஃபைல் கேட்டு வரும் செய்திகள் வெகுவாகக் குறையும். ஃபைல் கேட்கும் கூட்டத்துக்கு நடுவேதான் ஏபிகே போடுபவனும் நுழைகிறான்.

உறுப்பினர் போடும் தவறான செய்திக்கு அட்மின்மேல் வழக்கு வருமா என்றும் பலர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குழு வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும், அட்மினாக இருப்பதாலேயே ஒருவர் பொறுப்பாகிவிட மாட்டார் என்று சொல்லியிருக்கின்றன. அட்மினே பிடிஎஃப் போட்டால் கதை வேறு.

யாரை நீக்குவது, யாரை நிறுத்திவைப்பது

சேர்ந்த சில நிமிடங்களில் லிங்க் போட்ட கணக்கு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நீக்கும்போது வரும் பெட்டியில் அவர் போட்ட எல்லாவற்றையும் அழிப்பது, ஸ்பேம் என்று புகாரளிப்பது, தடை செய்வது மூன்றையும் தேர்ந்தெடுங்கள். 'இப்படிச் செய்யலாமா?' என்று பொதுவில் திட்டி ஒரு பதிவு போடாதீர்கள். பாட்டுக்கு வெட்கம் கிடையாது, உங்கள் பதிவுதான் மிச்சம் இருக்கும்.

நாள்பட்ட நல்ல உறுப்பினர் திடீரென்று 'என் அக்கா பொண்ணுக்கு ஓட்டுப் போடுங்க' என்று லிங்க் போட்டால் அது அவர் இல்லை. கணக்கு களவு போயிருக்கிறது. தடை செய்யாமல், எழுத முடியாதபடி மட்டும் நிறுத்திவையுங்கள். வேறு வழியில் அவரைத் தொடர்புகொண்டு, 'டிவைசஸ்' பக்கத்தில் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டிக்கச் சொல்லுங்கள்; இரட்டைக் கடவுச்சொல்லை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) போடச் சொல்லுங்கள். டெலிகிராமிலிருந்து வரும் லாகின் எண்ணை யாரிடமோ சொல்லியிருப்பார். அட்மின்கள் எல்லோரும் அந்த இரட்டைக் கடவுச்சொல்லை முதல் நாளே போட்டிருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போலி அறிவிப்பை நம்பி ஃபார்வர்டு செய்தவர் வேறு ரகம். செய்தியை நீக்கிவிட்டு, அறிவிப்புகள் தலைப்பைக் காட்டுங்கள். போதும்.

கோச்சிங் சென்டர் விளம்பரம்தான் மனசைச் சங்கடப்படுத்தும். 'இலவச டெஸ்ட் பேட்ச்தானே, நம்ம பசங்களுக்கு உதவும்' என்று தெரிந்தவரே கேட்பார். ஒருவருக்கு அனுமதித்தால் மறுநாள் நாலு பேர் வருவார்கள். ஐந்தாவது ஆளுக்கு மறுத்தால் பணம் வாங்கிவிட்டீர்கள் என்று பேச்சு வரும். யாருக்கும் இல்லை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, அட்மினின் சொந்த அண்ணன் நடத்தும் சென்டராக இருந்தாலும்.

அட்மின்கள் மூன்று நான்கு பேர் போதும். நீக்குவது, தடுப்பது, பின் செய்வது இவை மட்டும் அவர்களுக்கு. புதிய அட்மினைச் சேர்க்கும் உரிமை குழுவைத் தொடங்கியவரிடமும் இன்னொருவரிடமும் இருக்கட்டும். ஒருவராவது இரவு விழித்துப் படிப்பவராக இருந்தால் நல்லது. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவே அட்மின்கள் தூங்குவார்கள் என்பது ஸ்பேம்காரர்களுக்கும் தெரியும்.

தேர்வு நாள்

தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலமே குழுவைப் பூட்டுங்கள். 'செண்ட் மெசேஜஸ்' உரிமையை அணைத்தால் அட்மின் தவிர யாரும் எழுத முடியாது. வினாத்தாள் விற்பவர்கள் உச்சத்தில் இருக்கும் இரவு அது. பதற்றத்தில் இருப்பவர்கள் எதையும் நம்பும் இரவும் அதுதான். எடுத்துப் போகவேண்டியவை, மையத்துக்குள் எத்தனை மணிக்குள் நுழையவேண்டும் என்று ஹால் டிக்கெட்டில் உள்ளவற்றை ஒரே செய்தியாகப் போட்டுவிட்டு மூடிவிடுங்கள்.

தேர்வு காலை 9.30-க்குத் தொடங்கி 12.30 வரை. அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் குழுவில் வினாத்தாளின் ஒரு படம்கூட வரக்கூடாது. உண்மையானதோ போலியோ, வந்தால் பிரச்சினை உங்களுக்கு. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் திறக்கலாம்.

திறந்ததும் வெள்ளம் வரும். முன்கூட்டியே 'விடை விவாதம்' என்று புதிய தலைப்பை உருவாக்கி வையுங்கள். ஸ்லோ மோடை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள்; ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்கு ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். கேள்வி எண் ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதால் '45-வது கேள்விக்கு என்ன விடை?' என்று கேட்டால் சண்டைதான் வரும். கேள்வியின் முதல் சில சொற்களை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் பிறகு தேடவும் முடியும். தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டதும் அதை அறிவிப்புகளில் போடுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாளையும் சேர்த்து எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் ஆதாரம் என்று விடை விவாதத்தில் வந்தவற்றை ஒருவர் தொகுத்தால், ஆட்சேபம் தெரிவிப்பவர்களுக்குப் பெரிய உதவி.

அந்த ஆரவாரம் ஒரு மாதத்தில் அடங்கும். முடிவு வரும் வரை குழு தூங்கும், அட்மின்களும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் முன்பே உள்ளே வந்து அடங்கியிருந்த கணக்குகள் எழும். எனவே ஓய்வெடுக்கப் போகும் முன் எல்லா இன்வைட் லிங்க்கையும் ரத்து செய்யுங்கள். அழிந்துபோன கணக்குகளை நீக்குங்கள். விடை விவாதத்தை மூடுங்கள். திண்ணையைத் தவிர மற்ற தலைப்புகளையும் மூடிவைக்கலாம். அடுத்த அறிவிக்கை வந்ததும் புதிய லிங்க்கோடு திறந்துகொள்ளலாம்.